மஞ்சள் வைத்த யூரோ

அம்பத்தூரில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தருகிற அந்தக் கடை, ஒரு செல்போன் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. செங்குத்தான படி. ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உற்சாகத்தில் இருந்தார். பாஸ்போர்ட் நகல் இரண்டு, விசா நகல் இரண்டு, விமான டிக்கெட் நகல் இரண்டு, பான் கார்டு நகல் இரண்டு என்று பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கி எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றுதான் வாங்கிக்கொண்டார். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இவர் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குப் பிரசவம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் நான் போவதென்று முடிவானது. மூன்று மாதம், தனியாக. "நான் வந்து அங்க என்ன பிரசவமா பாக்கப் போறேன்? ரெண்டு டிக்கெட் எதுக்கு?" என்று இவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் ஏற்பாடுகளிலிருந்து ஒதுங்கவில்லை. பயண இன்சூரன்ஸ் எடுத்தது, பெட்டியைத் தராசில் மாட்டி எடை பார்த்தது, சாம்பார் பொடியை மூன்று உறைக்குள் போட்டு ஒட்டியது, நடுவில் விமானம் மாறுகிற ஊரில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அட்டையில் எழுதிக் கொடுத்தது எல்லாம் அவர்தான்.

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஒதுக்கிவைப்பது அவர் வேலை. ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே தவிர, அந்தக் கண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அயனம்பாக்கத்து வீட்டில் நான் சுடுகிற தோசையை அளக்கிறார்.

"இன்னாமா, கார்டுல போட்டுகினு போலாமே? இப்ப எல்லாரும் அதத்தான் எடுத்துகினு போறாங்கோ," என்றார் கடைக்காரர்.

"நானும் அதையேதான் சொல்றேன். கேட்டாத்தானே?" என்றார் இவர்.

"எனக்கு நோட்டாவே குடுங்க," என்றேன் நான். கார்டு என்றால் அது இவருடைய செல்போனோடு இணைந்திருக்கும். நான் அங்கே ஒரு கீரைக்கட்டு வாங்கினால் இங்கே இவருக்கு மெசேஜ் வரும். உடனே போன் வரும். எதுக்கு?

அந்த 'எதுக்கு' என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இவர் கஞ்சன் இல்லை. கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்ட பணத்தை இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை "எதுக்கு?" என்பார். உப்பு வாங்க என்றாலும் எதுக்கு, ஊருக்குப் போக என்றாலும் எதுக்கு. பதிலைச் சொன்னால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் பதில் சொல்லிச் சொல்லி ஒரு நாள் எனக்கு அலுத்துப்போயிற்று. பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை தைக்கவும் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் ஆரம்பித்தேன். அந்தப் பணத்துக்கு யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. மகள் வேலைக்குப் போன பிறகும், இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும் தையல் மிஷினை நான் விடவில்லை. கழுத்து வலிக்கிறது, கண் மங்குகிறது, ஆனாலும் விடவில்லை.

அந்தத் தையல் பணத்தைச் சீட்டுக் கட்டிச் சேர்த்துத்தான் ஐநூறு யூரோ வாங்க வந்திருந்தேன். மாப்பிள்ளை நல்லவர்தான், பூந்தமல்லிப் பையன், வாய் நிறைய 'அத்தே' என்று கூப்பிடுவார். ஆனால் அவர் வீட்டில் மூன்று மாதம் இருந்துகொண்டு, ஒரு டீக்கும் ஒரு சோப்புக்கும் அவர் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது. கையில் என் காசு இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கடைக்காரர் ஐம்பது யூரோ தாள் பத்து எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தார். புதுசு, மொடமொடவென்று இருந்தது. "பாத்துக்கோங்கமா. மடிக்கக் கூடாது. பேனாவால எழுதக் கூடாது. பின் அடிக்கக் கூடாது. கிழிஞ்சா எவனும் வாங்க மாட்டான். இந்தக் கவர்லயே வெச்சிகினு போங்கோ," என்றார்.

மஞ்சள் வைக்கக் கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதை அவருடைய தப்பாகத்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் வைப்பேன். கல்யாணப் பத்திரிகை என்றால் நான்கு மூலையிலும். புதுத் துணி என்றால் ஓரத்தில் ஒரு துளி. இவர் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது அந்தக் கவருக்கு வைத்தேன், மகளின் முதல் சம்பள நோட்டுகளுக்கு வைத்தேன். நான் முதல்முறையாகக் கடல் தாண்டிப் போகிறேன், அதுவும் என் காசில். அந்தக் காசுக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில், குளித்துவிட்டு வந்து பத்துத் தாளையும் தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள் குழைத்து, ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டும் வைத்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த இவர் பூஜை அலமாரியை எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு சத்தம் போட்டாரே, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"உனக்கு ஏதாவது புத்தி இருக்கா? அது வெளிநாட்டு நோட்டுடி! ஒரு கோடு இருந்தாலே வாங்க மாட்டான். நாப்பது பொட்டு வெச்சிருக்கே! மொத்தமும் ரிஜெக்ட்!"

"சாமி முன்னால கத்தாதீங்க. துடைச்சா போயிடும்."

துடைத்தேன். போகவில்லை. ஈரத் துணி பட்டதும் குங்குமம் கரைந்து மஞ்சளோடு சேர்ந்து பாதி நோட்டு வரைக்கும் இறங்கியது. மூன்றாவது தாளோடு நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது. இவர் முன்னால் அழுவதா என்று அடுப்படிக்குப் போய்க் குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

அன்று மதியமே மறுபடி அம்பத்தூர், மறுபடி அந்தச் செங்குத்துப் படி. கடைக்காரர் கவரைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கவரைப் பார்த்தார். "இன்னாமா இது, நோட்டுக்கு நலங்கு வெச்சிகீறீங்க!" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு பாவமாக, "இங்க எவனும் எடுக்க மாட்டாம்மா. அந்த ஊர்லயே பேங்க்ல குடுத்துப் பாருங்கோ," என்றார்.

இவர் பர்ஸை எடுத்தார். "சரி, என் பணத்துல வேற ஐநூறு வாங்கிக்கோ." எதுக்கு என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் காலையில் அவர் போட்ட சத்தம் காதிலேயே இருந்தது. "வேணாம். அங்க போய் நானே மாத்திக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். வீம்புதான், வேறொன்றும் இல்லை.

அட்டையைக் காட்டிக் காட்டி விமானம் மாறினேன், போய்ச் சேர்ந்தேன். பத்து நாளில் பேத்தி பிறந்தாள். குழந்தைக்கு முதல் துணி பெண்ணைப் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தக் குளிருக்குப் பட்டுப் பாவாடையா எடுப்பது? கம்பளிக் குல்லாவும் காலுறையும் எடுக்கலாம் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் மாப்பிள்ளையை ஒரு கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "காசு நான் குடுக்கறேன். நீங்க தள்ளி நில்லுங்க," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் போய் நின்றார்.

கல்லாவில் இருந்த பெண் என் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் மூலையைச் சுரண்டினாள். உள்ளேயிருந்து இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நெற்றிப் பொட்டைப் பார்த்தார்கள், நோட்டைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் ஏதோ சொன்னாள், குரல் நல்லதாக இல்லை. மாப்பிள்ளை ஓடி வந்து பேசி, தன் கார்டைத் தேய்த்து, குல்லாவையும் என்னையும் வெளியே கூட்டிவந்தார்.

விஷயத்தைப் பிறகு சொன்னார். அந்த ஊரில் பணம் எடுக்கிற மிஷினை உடைத்தால் உள்ளேயிருந்து சாயம் பீய்ச்சி நோட்டெல்லாம் கறையாகிவிடுமாம். கறை பட்ட நோட்டைக் கண்டாலே திருட்டுப் பணமோ என்று சந்தேகப்படுவார்களாம். சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட என் தையல் காசு! எனக்கு வந்த அவமானத்தில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பேத்தியின் முதல் குல்லா மாப்பிள்ளை காசில் வந்துவிட்டதே என்ற வருத்தம் வேறு. கவரை அப்படியே அவரிடம் நீட்டினேன். "பேங்க்ல குடுத்து மாத்திக் குடுங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க," என்றேன்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவர் வேறொரு கவரைக் கொடுத்தார். "மாத்திட்டேன் அத்தே. சரியா இருக்கா பாருங்க."

ஐம்பது யூரோ தாள் பத்து இருந்தது. "ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல. எங்க ஊர் மஞ்சள்னேன், சரின்னுட்டாங்க."

உடனே இவருக்குப் போன் போட்டேன். "பாத்தீங்களா? ஜெர்மன்காரனுக்கே மஞ்சளோட மரியாதை தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல." "சரி சரி, கவரைப் பத்திரமா வை," என்று பேச்சை மாற்றினார். அவரை இப்படிப் பின்வாங்க வைப்பது எனக்கு அடிக்கடி வாய்க்காது.

அதற்குப் பிறகு நான் ராணி மாதிரி இருந்தேன். தெருமுனைக் கடைக்கு நானே போவேன். பேச்சு வராது, விரலை நீட்டுவேன், நோட்டை நீட்டுவேன், மீதியை வாங்கிக்கொள்வேன். மகளுக்குப் பழம், பேத்திக்கு இன்னொரு குல்லா, எனக்கு ஒரு சூடான பன். மகள், "ஏம்மா செலவு பண்றே?" என்றால், "என் காசு, உனக்கென்ன?" என்பேன்.

ஒரு நாள் மாப்பிள்ளைக்கும் ஒரு ஸ்வெட்டர் எடுத்தேன். கருநீலம், நல்ல கனம். இரண்டு தாள் கொடுத்து மீதி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தவர், "எதுக்கு அத்தே இதெல்லாம்?" என்றார். அந்த வார்த்தை என் காதுக்கு இனித்தது வாழ்க்கையில் அன்று ஒருமுறைதான். "இருக்கட்டும், அத்தை காசு," என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. அன்றிலிருந்து தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டார். ஊரிலிருந்து யார் வீடியோவில் பேசினாலும் தோளைக் காட்டி, "எங்க அத்தை எடுத்துக் குடுத்தது," என்பார்.

நான் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் குழந்தை விடாமல் அழுதது. நெற்றியில் கொஞ்சம் விபூதி வைக்கலாம் என்று தேடினேன். புகை வந்தால் அலாரம் கத்துமென்று விளக்கே ஏற்றாத வீடு அது. சாமி படங்கள் அடுப்படி அலமாரிக்குள் இருக்கும். முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு கவர் வந்தது. அம்பத்தூர் கடைக் கவர். உள்ளே பத்துத் தாள், நாற்பது மூலையிலும் என் மஞ்சள்.

மகளிடம் நீட்டினேன். அவள் முகம் மாறிப்போயிற்று.

"அவர் பேங்க்ல கேட்டாரும்மா. ஃபார்ம் எழுதணும், கறை எப்படி வந்துதுன்னு விளக்கம் குடுக்கணும், நோட்டை எங்கயோ அனுப்பி மாசக்கணக்கா காத்திருக்கணும்னாங்களாம். உங்க அம்மாகிட்ட இதைச் சொன்னா பச்சத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாங்க, சொல்லாதேன்னார். சாமி கும்பிட்டு எடுத்துட்டு வந்த காசு, பாப்பாவுக்கே இருக்கட்டும்னு அங்க வெச்சார்."

முதலில் வந்தது கோபம்தான். என்ன ஏமாற்று வேலை இது? இரண்டு மாதத்துக்கு மேலாக என் காசு என் காசு என்று நான் நீட்டி முழக்கியதெல்லாம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? நான் தின்ற பன் அவருடையது. நான் வாங்கிய பழம் அவருடையது. அப்புறம் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. அவர் காசிலேயே அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன். கோபம் போன இடம் தெரியவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது.

கதவு திறந்தது. மாப்பிள்ளை அந்தக் கருநீல ஸ்வெட்டரோடு உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முழங்கைப் பக்கம் ஒரு நூல் பிரிந்திருந்தது. கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "அந்த ஸ்வெட்டரக் கழட்டிக் குடுங்க தம்பி, நூல் பிரிஞ்சிருக்கு, தெச்சுக் குடுக்கறேன்," என்றுதான் வந்தது. கவரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கிளம்பும் நாளன்று, செலவழிக்காமல் மீதியிருந்த பணத்தைக் குழந்தையின் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் உள்ளே போகும் நேரத்தில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு இருபது யூரோ தாளை எடுத்தார். "வழியில டீ குடிங்க அத்தே," என்றார். நான் என்ன சொல்வேனோ என்று பயந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு டீக்காக அவர் முன்னால் கைநீட்டக் கூடாது என்றுதானே அத்தனை ரவிக்கை தைத்தேன்? கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

விமானம் மாறுகிற ஊரில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே டீக்கடை இருந்தது. குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு வந்து அந்த இருபது யூரோவைத் தாம்பாளத்தில் வைத்து மஞ்சள் குழைத்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்தார். "ஏய், மறுபடியுமா? பட்டும் புத்தி வரலையா? இதை இனிமே எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்க வேணாம்."

"அப்படின்னா?"

சொன்னேன். கடைக்காரப் பெண், கவர், முருகன் படம், ஸ்வெட்டர், டீ எல்லாவற்றையும் சொன்னேன். போனில் நான் பீற்றிக்கொண்டதற்கு இப்போது பழிவாங்குவார் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் குனிந்து மூலைக்கு ஒரு பொட்டாக மஞ்சளை வைத்துக்கொண்டிருந்தேன். இருபது யூரோவை வீணாக்கறியே எதுக்கு என்று இப்போது கேட்பார் என நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாம்பாளத்துப் பக்கம் குனிந்தார்.

"இந்த மூலையில சரியாப் படல பாரு," என்றார். "இன்னும் கொஞ்சம் வை."